நடுக்கம் தீர்த்த பெருமான் ஊரில் ஒரு தறி

எங்கள் திருப்பனந்தாள் கோயிலின் கதை நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாடகை என்று ஒரு பக்தை, ராமாயணத்துத் தாடகை அல்ல, சுவாமிக்கு மாலை சாத்தப் போனாள். இரண்டு கையிலும் மாலை. அந்த நேரம் பார்த்து உடுத்தியிருந்த சேலை நெகிழ்ந்தது. முழங்கைகளால் சேலையை இடுக்கிக்கொண்டாள். மாலையை உயர்த்த முடியவில்லை. செஞ்சடையப்பர் தாமே தலை சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டார். பிறகு அரசன் யானை கட்டி இழுத்தும் நிமிராத லிங்கத்தை, குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார்.

பெரும்பாலும் நாயனாரின் பக்தியைத்தான் நாம் பேசுவோம். எனக்கு வயதாக ஆக, கதையின் முதல் பாதிதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணின் சேலைக்காகத் தலை குனிந்த சாமி எங்கள் சாமி. அந்தச் சேலையை நெய்கிற ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. இந்தத் தை மாதம் பேத்தியின் கல்யாணப் புடவைக்காக அங்கே போய்வந்தேன். திருபுவனத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாள் எண்ணம். இந்தமுறை போய்வந்தபின் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

திருப்பனந்தாளிலிருந்து ஆடுதுறைப் பேருந்தில் ஏறினால் சூரியனார்கோயில், திருமங்கலக்குடி தாண்டிக் காவிரிப் பாலம் வரும். ஆடுதுறையில் இறங்கிக் கும்பகோணம் பேருந்தைப் பிடித்தால் திருவிடைமருதூர், அதையடுத்துத் திருபுவனம். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்களுக்கு எட்டு கிலோமீட்டர் கூட இருக்காது. சாலையில் போகும்போதே கோயில் விமானம் தெரிந்துவிடும்.

அந்தக் கோயிலைக் கட்டியவன் மூன்றாம் குலோத்துங்க சோழன். 1178 முதல் 1218 வரை ஆண்டவன். மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவன் என்று கல்வெட்டுகள் அவனைக் கொண்டாடுகின்றன. திரிபுவன வீரதேவன் என்பது அவன் பட்டப்பெயர். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், திருபுவனம் என்று சோழர் எழுப்பிய பெரிய விமானங்கள் நான்கு. அந்த வரிசையில் இது கடைசி. முதல் மூன்றையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ எடுத்துக்கொண்டது. தஞ்சாவூர் 1987-ல், மற்ற இரண்டும் 2004-ல். நான்காவது மட்டும் விட்டுப்போயிற்று. அதனால் வெளியூர்க்காரர்கள் தாராசுரம் பார்த்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருபுவனத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் கோயிலில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில், மதுரை, திருவிடைமருதூர், தாராசுரம், திருவாரூர் என்று குலோத்துங்கன் எங்கெங்கே திருப்பணி செய்தான் என்பதை வரிசையாகச் சொல்லும். கோயிலைப் பிரதிஷ்டை செய்தவர் அரசகுருவான ஈசுவரசிவர். குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது, ஓய்வு பெறப்போகிற அதிகாரி தாம் செய்த வேலைகளையெல்லாம் பட்டியலிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டுப் போவதுபோலத் தோன்றியது. அது வீண்போகவில்லை. கட்டி முடித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1216 வாக்கில், மாறவர்மன் சுந்தர பாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். சோழர்கள் அதன்பின் முழுதாக எழுந்திருக்கவே இல்லை. கல்லும் பட்டியலும் நின்றன.

சுவாமியின் பெயர் கம்பகரேசுவரர். கம்பம் என்றால் நடுக்கம். தமிழில் நடுக்கம் தீர்த்த பெருமான். பிரம்மஹத்தி பிடித்து நடுங்கிய வரகுண பாண்டியனின் நடுக்கத்தைத் தீர்த்தவர் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். அம்பாள் அறம்வளர்த்த நாயகி. சரபேசுவரருக்குத் தனிச் சன்னிதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் அங்கே கூட்டம் தாளாது.

கோயிலிலிருந்து வெளியே வந்து தெருக்களில் நடந்தால்தான் இன்னொரு திருபுவனம் காதில் விழும். காதில் விழும் என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் கோலம் போட்ட வீட்டுக்குள்ளிருந்து டக்கு, டக்கு என்று தறிச் சத்தம். நான் முதன்முதல் போன 1976-ல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது விடாமல் கேட்டது.

இங்கே பட்டு நெய்கிறவர்களில் பெரும்பாலோர் சௌராஷ்டிரர்கள். பட்டுநூல்காரர் என்று நம் பக்கம் சொல்வோம். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வெளியே நம்மைவிடச் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ். குஜராத்திலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் வழியாக, நாயக்கர் காலத்தில் மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கங்களில் குடியேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் இருக்கிறது. குஜராத்தின் லாட தேசத்திலிருந்து வந்த பட்டு நெசவாளர் சங்கத்தார் அங்கே 436-ஆம் ஆண்டு சூரியனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். பழுதுபட்ட அதை 473-ல் புதுப்பித்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து தறி போட்டுச் சம்பாதித்த காசில், அரசன் தயவில்லாமல் ஒரு கோயில். திருப்பனந்தாளிலிருந்து திருபுவனத்துக்குப் போகிற வழியில், முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சூரியனார்கோயிலைப் பேருந்து கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மந்தசோர் நெசவாளர்கள் ஞாபகம் வரும். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் வரும்.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்லவேண்டும். காரணம் பின்னால் தெரியும்.

பூர்வீகம் திருப்பனந்தாள் என்றாலும் நான் வளர்ந்தது காரைக்காலில். அப்பாவுக்கு அங்கே வேலை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. கொடி இறங்கினாலும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இறங்கவில்லை. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் பிரெஞ்சில்தான் படித்தேன். கும்பகோணம் பிள்ளைகள் ராஜராஜனைப் படித்த வயதில் நாங்கள் நெப்போலியனைப் படித்தோம்.

ஐரோப்பியர் நம் கரைக்கு வந்ததே மிளகுக்கும் துணிக்கும்தான். தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் 1620-ல் வந்தார்கள். காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. புதுச்சேரியிலிருந்து 'கினே' என்று ஒரு நீலத் துணி கப்பலேறும். அவுரிச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. அதை ஆப்பிரிக்காவின் செனகலில் கொடுத்துவிட்டுக் கருவேலப் பிசின் வாங்குவார்கள். நம் பக்கத்து நெசவாளி நெய்த துணியை எங்கோ பாலைவனத்து மனிதர்கள் தலைப்பாகையாகக் கட்டினார்கள். இதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது; ஓய்வு பெற்றபின் நானாகப் படித்தது.

பாடப்புத்தகத்தில் இருந்தது லியோன் நகரம். பிரான்சின் பட்டு நகரம். எங்கள் வாத்தியார் வாரம் ஒருநாள் 'திக்தே' வைப்பார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். ஒரு தப்புக்கு ஒரு பிரம்படி. அப்படி ஒருநாள் வாசித்தது ழோசெஃப் மரி ழாக்கார் என்பவரைப் பற்றி. 1752-ல் பிறந்த லியோன்காரர். பட்டில் பூ வேலை செய்ய வேண்டுமானால், எந்த இழை மேலே போகவேண்டும், எது கீழே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு பையன் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பையனுக்குப் பதிலாக ழாக்கார் 1804-ல் ஓர் இயந்திரம் அமைத்தார். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் தலைக்கு மேல் மாட்டிவிட்டார். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி நுழையும், இழை எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் எழும்பாது. ஒரு மிதிக்கு ஓர் அட்டை. எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. ஆறு பிரம்படி வாங்கினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

1976-ல் கல்யாணம் நிச்சயமாயிற்று. காரைக்காலில் எழுத்தர் உத்தியோகம் கிடைத்து இரண்டு வருஷம். அம்மாவோடு கூறைப்புடவை எடுக்கத் திருபுவனம் போனேன். தெரிந்தவர் ஒருவர் கடைக்குப் போகாமல் நேரே ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சொந்தத் தறி வைத்திருந்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சிறியவராக இருப்பார். ரேழியைத் தாண்டினால் கூடம் முழுக்கத் தறி. தரையில் குழி, குழியில் கால்கள், மிதிப்பலகை. நிமிர்ந்து பார்த்தேன். தறியின் உச்சியில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து கோத்த அட்டைகள் மாலைபோலத் தொங்கின. ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை திரும்பியது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பிரம்படிக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது. "இதுக்கு என்ன பேருங்க?" என்றேன். "ஜக்கார்டு சார்" என்றார். "அது ஒரு ஆளோட பேரு" என்று நான் சொன்னதும் நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லியோன் கதையை முழுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே எரிச்சல், புடவை எடுக்க வந்த இடத்தில் பாடம் நடத்துகிறானே என்று. அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "மெஷின் வந்ததும் அந்த ஊர் நெசவாளிங்க நல்லா இருந்தாங்களா சார்?"

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். நன்றாக இல்லை. லியோன் பட்டு நெசவாளர்களைக் கனூ என்பார்கள். வியாபாரிகள் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். நெசவாளர்கள் கேட்டது ஒரு விலைப்பட்டியல், இன்ன துணிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி என்று. ஒப்புக்கொண்ட பட்டியலை வியாபாரிகள் மதிக்காததால் 1831 நவம்பரில் கலகம் வெடித்தது. பட்டாளம் வந்து அடக்கிற்று. 1834 ஏப்ரலில் மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் அடக்கப்பட்டார்கள். ழாக்கார் அதே 1834-ல்தான் இறந்தார். பிற்பாடு அவர் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்குச் சுமார் 24,000 அட்டைகள். இங்கிலாந்தில் கணக்கு இயந்திரம் கட்ட முயன்ற பாபேஜ் அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஓட்டை அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டர் வரை வந்தது என்று இப்போது பேரப்பிள்ளைகள் எனக்குச் சொல்கிறார்கள்.

புடவை எப்படி உருவாகிறது என்பதைப் பல தடவை போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும். அதில் புழு கக்கிய பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தால்தான் மினுமினுப்பு வரும். பிறகு சாயம், நிழலில் உலர்த்தல். சாயம் பிடிப்பது காவிரித் தண்ணீரின் சேர்மானம் என்பது ஊரார் நம்பிக்கை. விடிகாலையில் தெருவில் பாவை நீளமாக நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி அரிசிக் கஞ்சி. நம் வயல் நெல்லுக்கும் பட்டில் ஒரு பங்கு உண்டு. தறியில் முடிந்த பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ராட்டையில் தார் சுற்றுவது வீட்டுப் பெண்களின் வேலை. சரிகை சூரத்திலிருந்து வரும். பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோப்பதுதான் கைத்திறன். ஒரு பாவில் மூன்று புடவை. ஒரு கல்யாணப் புடவைக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ஆண் தறியில் உட்கார்ந்தாலும் உழைப்பு குடும்பத்தினுடையது.

நெய்து முடித்ததும் மடிக்கிற விதம் ஒன்று உண்டு. விசிறி மடிப்பு என்பார்கள். விசிறி போல அடுக்கடுக்காக மடிப்பது. திருபுவனம் புடவைக்கு அது ஓர் அடையாளம்.

கைத்தறிக்காரர்களின் கஷ்டம் பழையது. மில் துணி வந்து நெருக்கியபோது 1935-ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது; அதுதான் இன்றைய கோ-ஆப்டெக்ஸ். 1953-ல் நெசவாளர்கள் கஞ்சித்தொட்டியில் நின்ற காலத்தில், அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். சேலை, வேட்டியைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று ராஜாஜி டெல்லியிடம் வாதாடினார். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டோம்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1955-ல் திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம் பிறந்தது. திகோ என்றால் எல்லாருக்கும் தெரியும். சங்கம் பட்டும் சரிகையும் கொடுக்கும். உறுப்பினர் நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். முதலாளியிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொள்ளவேண்டியதில்லை. லியோன் நெசவாளர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட கூலிப் பட்டியல், இங்கே சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது. அரசாங்க எழுத்தர்களைப் பற்றி எல்லாரும் கேலி பேசுவார்கள். ஆனால் ஒரு பேரேட்டை ஒழுங்காக எழுதுவது எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, 22 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்றது. வழக்குகளுக்குப் பின் அமலுக்கு வந்து, 1996-ல் 11 வகையாகக் குறைந்தது. சேலை அதில் இன்றும் உண்டு. காகிதத்தில் உண்டு என்று சேர்த்துச் சொல்லவேண்டும். விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்பதைக் கடையில் நின்று பார்க்கிற யாரும் எளிதில் கண்டுபிடித்துவிட முடியாது. 2019-ல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் ஞாபகம் வருகிறது. சின்ன நெசவு ஊர். காஷ்மீரத்துச் சால்வையைப் பார்த்து அதேபோல நெய்து விற்றார்கள். ழாக்காரின் அட்டையும் அங்கே போயிற்று. நாம் மாங்காய் புட்டா என்கிறோமே, அந்த நம் மாங்காய்க்கு இங்கிலீஷில் பெயரே 'பெய்ஸ்லி' என்றாகிவிட்டது. 1870-களில் சால்வை மோகம் போயிற்று. சால்வைத் தறிகள் நின்றன. அப்புறம் தையல் நூல் ஆலைகள் ஊரைத் தாங்கின. அந்தக் கோட்ஸ் கம்பெனிதான் 1974-ல் மதுரை மில்லோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. நம் வீட்டுத் தையல் பெட்டியில் அந்த நூல் இருந்திருக்கும். பெய்ஸ்லியின் ஆங்கர் ஆலை 1993-ல் மூடப்பட்டது. நெசவாளர் குடிசைகளை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். லியோனிலும் கனூக்களுக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. பெயர் நிலைத்தது, தறி நின்றுவிட்டது. திருபுவனத்துக்குப் பெயர் மட்டும் கிடைத்தால் போதாது என்று நான் பயப்படுவது இதனால்தான்.

இப்போது, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1998-ல் மகளுக்குக் கல்யாணம். அதே நெசவாளர் வீட்டுக்குத்தான் போனேன். அரக்கு உடல், பச்சைக் கரை. அவர் சொன்ன விலையில் முந்நூறு ரூபாய் குறைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மாதச் சம்பளக்காரன், கடன் வாங்கி நடத்துகிற கல்யாணம். அதோடு, பேரம் பேசி முந்நூறு ரூபாய் குறைத்தேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. அரைமணி நேரம் கழித்து அவர் சரி என்றார். புடவையை விசிறி மடிப்பாக மடித்துக் கையில் கொடுக்கும்போது, கோபமில்லாமல் சொன்னார்: "அந்த முந்நூறு எங்க வீட்ல தார் சுத்தின கூலி சார். பரவாயில்ல, உங்க பொண்ணு கல்யாணம்."

அந்த அம்மாள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பேருந்து வந்துவிடும் என்று கிளம்பிவிட்டேன். கனூக்களின் கூலிப் பட்டியலை விலாவாரியாகப் படித்தவன் செய்த காரியம் அது.

இந்தத் தை மாதம் பேத்தியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவேண்டும் என்றபோது, "போனிலேயே பார்த்து வாங்கிடலாம் தாத்தா" என்றாள். நீ மற்றதையெல்லாம் போனில் வாங்கிக்கொள், கூறைப்புடவை மட்டும் நான் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினேன். சங்கத்து விற்பனை நிலையத்தில் ஒரு புடவை எடுத்தேன். போட்டிருந்த விலையைக் கொடுத்தேன். பிறகு பழைய தெருவுக்கு நடந்தேன். தறிச் சத்தம் மூன்று வீட்டில் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான்.

அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "ஜக்கார்டு சார்தானே, வாங்க வாங்க" என்றார். எனக்கு அந்தத் தெருவில் இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரியும். கை நீட்டினார். கை நடுங்கியது. இரண்டு கையும். கூடத்தில் தறி இல்லை. குழியைச் சிமெண்டு போட்டு மூடியிருந்தார்கள். மகன் பெங்களூரில் வேலை.

"கோயிலுக்குப் போறீங்களா?" என்றேன், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"தினம் போறேன் சார். நடுக்கம் தீர்க்கிற சாமியாச்சே" என்று சிரித்தார். "கும்பகோணத்துல டாக்டர் மாத்திரையும் குடுத்திருக்கார். ரெண்டுமா சேர்ந்து சோறு சாப்பிடற அளவுக்குக் கை நிக்குது. நாடா பிடிக்க நிக்கல."

அந்த அம்மாளைக் கேட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டாராம். முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிற இடம் இல்லாமல் போயிற்று.

புடவையைக் காட்டச் சொன்னார். மடியில் பிரித்துப் போட்டேன். உள்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேர்கிற இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். "யார் நெய்ததுன்னு தெரியல சார். ஆனா கரை நல்லா வாங்கியிருக்கான். ஒரு இடத்துலயும் இழுக்கல. இளங்கை. இன்னும் முப்பது வருஷம் நெய்வான்." சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு மறக்காது. பிறகு தாமே மடிக்கத் தொடங்கினார். நடுங்குகிற கைதான். நேரம் ஆயிற்று. ஆனால் விசிறி மடிப்பு ஓர் அடுக்குக்கூடப் பிசகாமல் விழுந்தது.

கிளம்பும்போது உள்ளே போய், பரணில் கிடந்த கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவிக்கொண்டு வந்தார். "இத வெச்சிருங்க சார். உங்க ஊர் ஆளு கண்டுபிடிச்சதுதானே." லியோன் என் ஊர் அல்ல என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

குலோத்துங்கன் விமானம் எண்ணூறு வருஷமாக நிற்கிறது. நாம் போனாலும் போகாவிட்டாலும் நிற்கும். தறி அப்படியல்ல. ஒரு மனிதன் குழியில் இறங்கி உட்கார்ந்தால்தான் அது தறி. அவனை உட்கார வைப்பது அவன் வாங்குகிற கூலி. அன்பர்களே, கல்யாணம் வைத்திருந்தால் திருபுவனம் போய் வாருங்கள். முதலில் கோயிலுக்குப் போங்கள். விமானத்தை நிதானமாக அண்ணாந்து பாருங்கள். சங்கத்திலோ நெசவாளர் வீட்டிலோ புடவை எடுங்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்து, யார் தார் சுற்றியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு விலையைக் கொடுத்துவிடுங்கள்.

அட்டை என் வீட்டுக் கணக்கு நோட்டில் பக்க அடையாளமாக இருக்கிறது. தை மாதச் செலவுப் பக்கத்தில் புடவை விலைக்குக் கீழே 'பழைய பாக்கி, ரூ. 300' என்று எழுதி வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.